காற்று மதகும் அதைத் திருப்புகிற மோட்டாரும்

முகூர்த்த நாளில் நம் ஊர் கல்யாண மண்டபங்களில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஏசி நன்றாகக் குளிர்கிறது. கை கால் ஜில்லென்று இருக்கிறது. ஆனாலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தலை பாரமாகிறது, கொட்டாவி கொட்டாவியாக வருகிறது. பக்கத்து நாற்காலிக்காரர் "கொஞ்சம் வெளியே நின்னுட்டு வரேன்" என்று எழுந்து போகிறார். வயசாகிவிட்டது, பி.பி. மாத்திரை, விடியற்காலையில் எழுந்த களைப்பு என்று நாமே ஒரு காரணம் கற்பித்துக்கொள்கிறோம். பல இடங்களில் காரணம் நம் உடம்பில் இல்லை. அந்த மண்டபத்துக்குள் வெளிக்காற்று வருவதற்கென்று ஒரு வழி வைத்திருப்பார்கள். அது மூடிக் கிடக்கும். மூடிக் கிடப்பது மேனேஜருக்கும் தெரியாது, ஓனருக்கும் தெரியாது.

அந்த வழியைத் திறந்து மூடுவதற்கு ஒரு சின்ன மோட்டார் உண்டு. நம் கை அகலம்தான் இருக்கும். முப்பத்தைந்து வருஷம் நான் சோறு தின்றது பெரும்பாலும் அந்த மோட்டாரை மாட்டி, வயர் கொடுத்து, சரிபார்த்துத்தான். பழைய திருவண்ணாமலை, சாத்தனூர் அணை, எங்கள் தெருவின் மாட்டுவண்டிக் காலம் என்று எழுதிக்கொண்டிருப்பவன் இந்த வாரம் மோட்டார் பக்கம் போகிறானே என்று பார்க்காதீர்கள். இது நாம் எல்லோரும் போய் உட்காருகிற, படுக்கிற இடங்களின் சமாச்சாரம்.

முதலில் பெயர். ஏசிக் காற்று போகிற தகரக் குழாயை டக்ட் என்கிறோம். அதன் நடுவே ஜன்னல் சட்டம் மாதிரி ஒரு சட்டம், அதில் திரும்புகிற தகடுகள். அதுதான் டேம்பர். தகட்டின் தண்டு டக்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்டில் உட்கார்ந்து அதைத் திருப்புகிற மோட்டாருக்கு ஆக்சுவேட்டர் என்று பெயர். சைட்டில் எல்லோரும் 'டேம்பர் மோட்டார்' என்றுதான் சொல்வோம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைவிடச் சுலபமாகச் சொல்லலாம். டக்ட் ஒரு கால்வாய். டேம்பர் என்பது மதகு. மோட்டார்தான் மதகைத் திறக்கிற நீர்க்கட்டி. கடைமடைக்காரன் தண்ணீர் வரவில்லை என்று கத்துகிற மாதிரி, ஹாலில் இருக்கும் சென்சார் கத்தும். கன்ட்ரோலர் என்கிற பெட்டி அதைக் கேட்டு, "இவ்வளவு திற" என்று மோட்டாருக்கு உத்தரவு போடும். ஏரி மதகில் நீர்க்கட்டி சொன்னபடி திறந்தானா என்று ஊர்க்காரர்கள் கரையில் நின்று பார்த்துவிடலாம். டக்டுக்குள் எட்டிப் பார்க்க ஆள் இல்லை. என் புகார் முழுக்க இந்த இடத்தில்தான்.

இந்தச் சங்கதி ஏசி பிறப்பதற்கு முன்பே பிறந்தது. 1885-ல் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரத்தில் ஆல்பர்ட் பட்ஸ் என்பவர், வீட்டைச் சூடாக்கும் நிலக்கரி அடுப்பின் காற்றுக் கதவைத் தானாகத் தூக்கவும் இறக்கவும் ஒரு கருவி செய்தார். அறை குளிர்ந்தால் ஒரு சின்ன மோட்டார் அரைச்சுற்று சுற்றும், சங்கிலி கதவைத் தூக்கும், அடுப்புக்குக் காற்று போகும், நெருப்பு மூளும். சூடு போதும் என்றானதும் இன்னொரு அரைச்சுற்று, கதவு இறங்கிவிடும். அந்தக் கம்பெனிதான் பல கை மாறி ஹனிவெல் ஆனது. அவர்களுக்கு அது குளிருக்கான கருவி. நமக்கு ஹீட்டிங் என்றால் அக்னி நட்சத்திரம்தான், அதற்கு மோட்டார் தேவையில்லை. ஆனால் வேலை அதேதான்: காற்றின் கதவைத் தேவைக்கு ஏற்றபடி திருப்புவது.

நான் இந்தத் தொழிலுக்குள் வந்தது கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில். நூற்பாலைக்கு ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட் என்று ஒன்று உண்டு, காற்றை ஈரப்படுத்தி உள்ளே தள்ளுகிற பிரிவு. பருத்தி நூல் காற்றின் ஈரத்தைப் பார்த்து நடந்துகொள்ளும். ரிங் ஃபிரேம் ஓடுகிற கூடத்தில் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் நூல் வறண்டு பட் பட்டென்று அறும், பஞ்சு பறக்கும். கூடினால் பஞ்சு ரோலரில் சுற்றிக்கொள்ளும். இதற்காகப் பெரிய ஃபேன், தண்ணீர்ச் சாரல் அடிக்கிற அறை, மூன்று டேம்பர்கள்: வெளிக்காற்றுக்கு ஒன்று, உள்ளே சுற்றி வருகிற காற்றுக்கு ஒன்று, வெளியேற்றுவதற்கு ஒன்று. சித்திரை வெயிலில் வெளிக்காற்றை முழுக்கத் திறந்து சாரல் வழியாக இழுக்க வேண்டும். மழை நாளில் வெளிக்காற்றைக் குறைத்து உள்காற்றையே சுற்றவிட வேண்டும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று திடீரென்று வரும். ஒரே ஷிப்டில் நாலு தடவை டேம்பரை மாற்றவேண்டியிருக்கும்.

ஆரம்பத்தில் எல்லாம் கைதான். அரை மணிக்கு ஒரு தரம் வெட் பல்ப், டிரை பல்ப் தெர்மாமீட்டர் இரண்டையும் பார்த்து, அட்டவணையில் ஈரப்பதம் கண்டுபிடித்து, சக்கரத்தைச் சுற்றி டேம்பரை நகர்த்துவோம். பிற்பாடு மோட்டார் வந்தது. எங்களுக்கு முதலில் வந்தவை மாடுட்ரால் என்ற வகை. அலுமினிய வார்ப்புப் பெட்டி, உள்ளே எண்ணெயில் மிதக்கிற பல்சக்கரம், தூக்கினால் தோள் வலிக்கும். மோட்டாரிலிருந்து ஒரு கை, அதிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் மறுமுனை டேம்பர் தண்டில். கம்பியின் நீளத்தை ஒரு நூல் கூட்டிக் குறைத்து, மோட்டார் மூடும்போது தகடும் மூடுகிறதா என்று பார்ப்பது ஒரு நாள் வேலை. இன்றைக்கு வருகிற மோட்டார்கள் தண்டின் மேலேயே நேராக உட்கார்ந்துவிடும். 1975-ல் ஸ்விட்சர்லாந்தில் தொடங்கிய பெலிமோ போன்ற கம்பெனிகள் அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தன. கம்பி, கை எல்லாம் போயிற்று. வேலை சுலபமாயிற்று. சுலபமானதாலேயே அக்கறையும் குறைந்தது என்பது என் எண்ணம்.

ஒரு விஷயத்தில் மில் எங்களுக்குக் கொடுத்து வைத்தது. டேம்பர் சரியாகத் திரும்பவில்லை என்றால் பத்து நிமிஷத்தில் நூல் சொல்லிவிடும். அறுந்த இழைகளை முடிகிற பெண்கள் ஓடி ஓடிக் களைத்துப் போய் மேஸ்திரியிடம் கத்துவார்கள், மேஸ்திரி எங்களிடம் கத்துவார், நாங்கள் ஓடிப்போய்ப் பார்ப்போம். மண்டபத்திலோ ஆஸ்பத்திரியிலோ நூல் இல்லை. மனிதர்கள்தான் இருக்கிறார்கள். அவர்கள் தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள்.

ஒரு கணக்குப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமில வாயு விடுகிறார். 800 பேர் உட்கார்ந்த மண்டபத்தில் ஒரு மணி நேரத்தில் 14,400 லிட்டர். ஏசி அந்தக் காற்றையே குளிரவைத்துக் குளிரவைத்துத் திருப்பித் தருகிறது. குளிரவைப்பதால் காற்று புதிதாகிவிடாது. (வீட்டில் சுவரில் மாட்டுகிற ஸ்பிளிட் ஏசியும் அப்படித்தான். வெளிக்காற்றை அது உள்ளே கொண்டுவருவதில்லை. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் நம்புவதில்லை.) கொரோனா வந்த 2020-ல் இஷ்ரே என்கிற ஏசி பொறியாளர் சங்கம்கூட, ஏசியை 24 முதல் 30 டிகிரிக்குள் வையுங்கள், வெளிக்காற்றை முடிந்த அளவு உள்ளே விடுங்கள் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. அப்போது எல்லோரும் கேட்டார்கள். இப்போது மறந்தாயிற்று.

சென்ற வருஷம் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போன ஒரு மண்டபத்தில் (நம் ஊர்தான், பெயர் வேண்டாம்) இதே தலைபாரம். பழக்க தோஷம், சாப்பாடு முடிந்ததும் ஏசி ஆபரேட்டர் பையனைத் தேடிப் போனேன். நல்ல பையன். ஐ.டி.ஐ. முடித்தவன்.

"தம்பி, ஃப்ரெஷ் ஏர் டேம்பர் திறந்திருக்கா?"

"திறந்திருக்கு சார். இதோ ஸ்கிரீன்ல பாருங்க, இருபது பர்சென்ட்."

"மேலே ஏறிப் பாத்திருக்கியா?"

"ஸ்கிரீன்லதான் தெரியுதே சார், எதுக்கு ஏறணும்?"

ஏணி வைத்து ஏறினோம். தகடு முழுசாக மூடியிருந்தது. மேலே தூசி படிந்திருந்த விதத்தைப் பார்த்தால், மாட்டின நாளிலிருந்தே திறந்திருக்காது போலிருந்தது. மோட்டார் பழுது இல்லை. வயரும் அறுந்திருக்கவில்லை. திரையும் பொய் சொல்லவில்லை. அப்புறம் எப்படி?

இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். பாதி திற, கால்வாசி திற என்று அளவோடு திருப்புகிற மோட்டாருக்கு கன்ட்ரோலர் உத்தரவை வோல்டேஜாக அனுப்பும். 0 வோல்ட் என்றால் மூடு, 10 வோல்ட் என்றால் முழுக்கத் திற. 5 வோல்ட் என்றால் பாதி. இது ஒரு பாஷை. இன்னொரு பாஷையும் உண்டு. அதில் 2 வோல்ட்தான் மூடு, 10 வோல்ட் முழுத் திறப்பு. வயர் அறுந்து வோல்டேஜே வராமல் போவதையும், மூடு என்ற உத்தரவையும் பிரித்துத் தெரிந்துகொள்ள அப்படி வைத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கன்ட்ரோலர் முதல் பாஷையிலும் மோட்டார் இரண்டாவது பாஷையிலும் பேசினால்? கன்ட்ரோலர் 20 சதவீதம் என்று 2 வோல்ட் அனுப்பும். மோட்டாருக்கு 2 வோல்ட் என்றால் மூடு. மூடிக்கொண்டு நிம்மதியாக நிற்கும். 5 வோல்ட் போனால்கூடப் பாதிக்குப் பதில் 37 சதவீதம்தான் திறக்கும். மண்டபங்களில் வெளிக்காற்றை எப்போதும் குறைந்தபட்ச அளவில், பத்து இருபது சதவீதத்தில்தான் வைக்கிறார்கள். சரியாக அந்த இடத்தில்தான் இந்தக் கோளாறு முழுசாக விழுங்கிவிடுகிறது.

திரையில் தெரிந்தது உத்தரவு. தகடு எங்கே நிற்கிறது என்பது வேறு செய்தி. அதைச் சொல்வதற்கென்றே மோட்டாரில் தனியாக ஒரு வயர் இருக்கிறது. பெலிமோ வகையில் ஐந்தாம் நம்பர் வயர். 1 பொது, 2 சப்ளை, 3 உத்தரவு, 5 பதில். அந்த மண்டபத்தில் ஐந்தாம் வயரை டேப் சுற்றி மடித்து வைத்திருந்தார்கள். பெரும்பாலான இடங்களில் அப்படித்தான். பேனலில் ஒரு இன்புட் மிச்சம் பிடிக்கிறார்களாம்.

மாட்டுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் பாதித் தகராறு வயருக்கு முன்னாலேயே, ஸ்பானரிலேயே நடந்துவிடுகிறது. டேம்பர் தண்டின் முனையில் ஒரு கோடு வெட்டியிருக்கும். தகடு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அந்தக் கோடுதான் காட்டும். கோடு இல்லையென்றால் நாமே ஹாக்ஸா பிளேடால் ஒன்று போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் டக்ட் மூடி இன்சுலேஷன் சுற்றிய பிறகு தகடு எங்கே நிற்கிறது என்று சொல்ல ஜோசியர்தான் வரவேண்டும். முதலில் தகட்டைக் கையாலேயே திருப்பிப் பார்க்க வேண்டும். கைக்கே இறுக்கமாக இருந்தால் மோட்டாருக்கும் இறுக்கம்தான். சட்டம் கோணலாக நிற்கிறது, அல்லது உள்ளே ஸ்க்ரூ நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் பெரிய மோட்டார் போடுவது, அடைத்த சாக்கடைக்குப் பெரிய பம்பு போடுகிற மாதிரி. சாதாரணமாக ஒரு சதுர மீட்டர் டேம்பருக்கு 5 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை கணக்கு. 20 நியூட்டன் மீட்டர் மோட்டார் நாலு சதுர மீட்டர் வரை தாங்கும்.

பிறகு தகட்டை முழுக்க மூடிவைத்து, மோட்டாரின் பட்டனை அமுக்கிப் பல்சக்கரத்தை விடுவித்து, மூடுகிற கோடிக்குச் சுமார் ஐந்து டிகிரி முன்னால் கொண்டுவந்து, அங்கே கிளாம்பை இறுக்க வேண்டும். அந்த ஐந்து டிகிரிதான் சூட்சுமம். மோட்டார் மூட வரும்போது தகடு முதலில் மூடிக்கொள்ளும், மிச்ச ஐந்து டிகிரியை மோட்டார் அழுத்தத்துக்குச் செலவழிக்கும். ரப்பர் விளிம்பு நசுங்கி உட்காரும். அந்த ஐந்து டிகிரி விடாமல் மாட்டினால் மோட்டார் தன் கோடியில் நின்றுவிடும். தகடு ஒரு விரல்கடை திறந்தே இருக்கும், வருஷம் முழுக்க.

மோட்டார் தண்டோடு சேர்ந்து சுற்றிவிடாமல் இருக்கப் பின்பக்கம் ஒரு பட்டை கொடுப்பார்கள். அதைக் கெட்டியாக முறுக்கிவிடுவது பலருக்குத் திருப்தி. தப்பு. எந்தத் தண்டும் துல்லியமாக நடுவில் சுற்றாது, கொஞ்சம் ஆடும். பட்டையில் அந்த ஆட்டத்துக்கு இடம் விட வேண்டும். விடாவிட்டால் மோட்டாரின் பல் ஒரு வருஷத்தில் தேய்ந்து கரகரவென்று சத்தம் போடும். "மோட்டார் குவாலிட்டி சரியில்லை சார்" என்பார்கள்.

கடைசியாக, முகப்பில் இடம் வலம் என்று ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. திரும்புகிற திசைக்கு. அதைத் தவறாக வைத்தால் திற என்றால் மூடும். சித்திரை மாத மத்தியானம் அது தெரியாது, எல்லாம் சூடாகத்தானே இருக்கும் என்று இருந்துவிடுவார்கள்.

வயரிங் விஷயத்தில் நீளமாகப் போக மாட்டேன், ஆனால் ஒன்றிரண்டு சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. இந்த மோட்டார்களில் பெரும்பாலானவை 24 வோல்ட். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் ஐந்தாறு மோட்டார்களுக்குக் கொடுப்பார்கள். அளவோடு திருப்புகிற வகையில், சப்ளையின் பொது வயரும் உத்தரவின் பொது வயரும் ஒன்றேதான். ஆகையால் எல்லா மோட்டாரிலும் ஒன்றாம் வயர் டிரான்ஸ்ஃபார்மரின் ஒரே பக்கத்துக்குப் போக வேண்டும். 24 வோல்ட் ஏ.சி.தானே, எப்படிக் கொடுத்தால் என்ன என்று ஒரு மோட்டாரில் மாற்றிக் கொடுத்தால், உத்தரவு வயர் வழியாக ஷார்ட் ஆகி கன்ட்ரோலர் போர்டே போய்விடும். மோட்டார் விலையைவிடப் பல மடங்கு. டிரான்ஸ்ஃபார்மர் அளவிலும் கஞ்சத்தனம் உண்டு. 8 வி.ஏ. மோட்டார் ஆறு என்றால் 48. 50 வி.ஏ. போதும் என்று போட்டுவிடுவார்கள். ஆறும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது வோல்டேஜ் படுத்துவிடும். 75 போட்டால் நிம்மதி. உத்தரவு வயரை ஃபேனுக்குப் போகிற டிரைவ் கேபிளோடு ஒரே டிரேயில் கட்டினால் தகடு பேய் பிடித்த மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். ஷீல்டு கேபிள் தனியாக இழுக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் தலைவலி விஷயம். இனிமேல் சொல்வது உயிர் விஷயம்.

ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு, ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு டக்ட் சுவரைத் துளைத்துப் போகிற இடத்தில் ஃபயர் டேம்பர் வைப்பார்கள். தீ வந்தால் மூடிக்கொள்ள வேண்டிய மதகு. பழைய வகையில் ஒரு ஈயக் கலவைத் துண்டு தகட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். 72 டிகிரி சூட்டில் அது உருகினால் தகடு விழும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கீழ்த்தளத்தில் எரிகிற தீயின் புகை நாலாவது மாடிக்கு வந்து சேரும்போது 72 டிகிரி இருக்காது. ஆறிப்போய் வரும். ஈயம் உருகாது, புகை மட்டும் உள்ளே போகும். அதற்காகத்தான் மோட்டார் வைத்த ஃபயர் டேம்பர் வந்தது. அதில் ஒரு சுருள்வில் இருக்கிறது. கரண்ட் இருக்கும்வரை மோட்டார் வில்லை முறுக்கித் தகட்டைத் திறந்து பிடித்திருக்கும். புகை சென்சார் மணி அடித்ததும் ஃபயர் பேனல் அந்தக் கரண்டை வெட்டும். வெட்டினால் வில் தகட்டைச் சுமார் இருபது விநாடியில் மூடிவிடும். வயரே எரிந்து போனாலும் மூடிக்கொள்ளும். மனிதன் யோசித்த நல்ல யோசனைகளில் இதை ஒன்றாக நான் வைப்பேன்.

1997 ஜூன் 13-ம் தேதி டில்லி உபஹார் தியேட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் தீயின் புகை பால்கனிக்கு ஏறி 59 பேர் இறந்தார்கள். 2011 டிசம்பர் 9 விடியற்காலை கொல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. ஆஸ்பத்திரியில் அடித்தளத்தில் பற்றிய தீயின் புகை மேல்மாடிகளுக்குப் பரவிச் சுமார் 90 பேர். பெரும்பாலோர் படுக்கையில் இருந்த நோயாளிகள். இரண்டு இடத்திலும் நெருப்பு சுட்டு இறந்தவர்களைவிடப் புகையில் மூச்சடைத்துப் போனவர்களே மிகுதி. ஏசி டக்ட் புகைக்குப் போட்டுக்கொடுத்த ரோடு மாதிரி. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் வண்டியும் தயார். 2016-ல் வந்த தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஃபயர் டேம்பரைப் பற்றி எழுதித்தான் வைத்திருக்கிறது.

சைட்டில் என்ன நடக்கிறது தெரியுமா? கட்டுக் கம்பி. கான்கிரீட் கம்பி முடிகிற அதே கட்டுக் கம்பியால் ஃபயர் டேம்பரின் தண்டைத் திறந்த நிலையில் இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். அல்லது ஃபயர் பேனலின் ரிலேவைத் தாண்டி, மோட்டாருக்கு நேரடி சப்ளை கொடுத்துவிடுகிறார்கள். கண்ணால் கண்டதைச் சொல்கிறேன், ஒரு இடம் இரண்டு இடம் இல்லை. ஏன் கட்டுகிறார்கள் என்பதற்கும் நியாயம் சொல்வார்கள். அதையும் கேட்க வேண்டும். நம் ஊரில் கரண்ட் போய்ப் போய் வரும். போகிறபோதெல்லாம் வில் மூடிக்கொள்ளும். ஜெனரேட்டர் எடுத்ததும் ஃபேன் உடனே கிளம்பிவிடும், ஆனால் மோட்டார் தகட்டைத் திறக்க ஒன்றிரண்டு நிமிஷம் பிடிக்கும். மூடிய தகட்டை எதிர்த்து ஃபேன் தள்ளினால் டக்ட் டமால் என்று உப்பும், ஜாயின்ட் விட்டுப்போகும். கல்யாண நாளில் இரண்டு தடவை இப்படி நடந்தால் மேனேஜர் என்ன செய்வார்? "எதையாவது பண்ணி நிறுத்துங்கப்பா" என்பார். கட்டுக் கம்பி வந்துவிடும்.

இதற்கு மருந்து இருக்கிறது, விலையும் அதிகம் இல்லை. அந்த மோட்டாருக்குள்ளேயே இரண்டு சின்ன சுவிட்ச் இருக்கும். ஒன்று தகடு மூடியதைச் சொல்லும், ஒன்று திறந்ததைச் சொல்லும். திறந்ததைச் சொல்கிற சுவிட்ச் வழியாக ஃபேன் ஸ்டார்ட்டரின் கன்ட்ரோல் வயரைக் கொண்டுபோனால், தகடு திறந்த பிறகுதான் ஃபேன் கிளம்பும். டமால் சத்தம் கிடையாது. தீ வந்து தகடு மூடினால் ஃபேனும் தானாக நிற்கும். இரண்டு கோர் வயரும் அரை நாள் கூலியும்தான் செலவு. அதைச் செய்யாமல் கம்பி கட்டுகிறவர்களைத்தான் நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

"அதெல்லாம் மெட்ராஸ் பில்டிங்குக்கு சார், நம்ம ஊருக்கு எதுக்கு" என்று ஒரு நண்பர் சொன்னார். அவருக்கு நான் சொன்னது, பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் நம் ஊர் லாட்ஜ்களில் தங்குகிற கூட்டத்தை எண்ணிப் பாருங்கள் என்பதுதான். பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் நடந்து வந்து, கால் வலியோடு அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறவர்கள். படிக்கட்டு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாத வெளியூர்க்காரர்கள். மெட்ராஸ் ஆபீஸில் இருப்பவனாவது விழித்துக்கொண்டிருப்பான். நம் ஊரில் இப்போது கட்டுகிற லாட்ஜ், ஆஸ்பத்திரி, மண்டபம் எல்லாம் கண்ணாடி முகப்பு, திறக்காத ஜன்னல், மத்திய ஏசி. பழைய சத்திரங்களில் முற்றம் இருந்தது, புகை மேலே போய்விடும். முற்றத்தை எடுத்துவிட்டு அந்த வேலையை மோட்டாரிடம் கொடுத்திருக்கிறோம். கொடுத்த பிறகு அது செய்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

கரண்ட் பில் விஷயமும் சொல்லிவிடுகிறேன். நாற்பது டிகிரி வெளிக்காற்றை உள்ளே விட்டுக் குளிரவைத்தால் பில் ஏறும்தான். மறுக்கவில்லை. அதற்காக ஆள் நிறைந்திருக்கும்போது மூடுவது வியாபாரம் இல்லை. காலி மண்டபத்தில் மூடிவையுங்கள், கூட்டம் வந்ததும் திறங்கள். கரியமில வாயு சென்சார் ஒன்று போட்டால் அந்த மோட்டாரே பார்த்துக்கொள்ளும். அளவோடு திருப்புகிற மோட்டாருக்குக் காசு கொடுத்தது அதற்குத்தானே.

இந்தப் பதிவைப் படிப்பவர்களில் மண்டப டிரஸ்டிகள் இருக்கிறார்கள், அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர்கள் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரி நடத்துகிற பிள்ளைகளின் அப்பாக்கள் இருக்கிறார்கள். ஏசி கான்ட்ராக்டர் வேலை முடித்து சாவி கொடுக்கும்போது பேப்பரில் கையெழுத்துப் போடுவதற்கு முன், ஃபயர் பேனலில் டெஸ்ட் பட்டனை அமுக்கச் சொல்லி, ஒவ்வொரு ஃபயர் டேம்பரும் மூடுகிறதா என்று ஏணி போட்டுப் பாருங்கள். வெளிக்காற்று டேம்பரை 20, 50, 100 என்று வைக்கச் சொல்லித் தண்டின் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கான்ட்ராக்டர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை, தீபத்துக்கு ஒரு மாதம் முன்னால் வைத்துக்கொண்டால் மறக்காது. பத்து டேம்பர் இருக்கிற கட்டடத்துக்கு ஒரு காலைப் பொழுது போதும்.

போகும்போது டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், டக்ட் பக்கம் வெளிச்சம் இருக்காது. ஏணியை ஒரு ஆள் பிடித்துக்கொள்ளட்டும், நம் வயசுக்காரர்கள் தாங்களே ஏற வேண்டாம். ஏசி மெஷின் அறைக்குள் போவதென்றால் மெயினை ஆஃப் செய்து, ஃபியூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் ஃபேன் பெல்ட் பக்கம் போக வேண்டும். வில் வைத்த மோட்டாரில் கரண்ட் போனதும் தகடு சடாரென்று மூடும், விரலை உள்ளே வைத்திருக்கக் கூடாது. கட்டுக் கம்பியைப் பார்த்தால் கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்துவிடுங்கள், ஆனால் யார் ஏன் கட்டினார்கள் என்று அந்த ஆபரேட்டர் பையனைத் திட்டாமல் கேளுங்கள். அவன் சொல்கிற பதிலில்தான் அடுத்து எந்த வயரை மாற்ற வேண்டும் என்பது இருக்கும்.